அழைத்தால் ஐந்து குறையும்

ஜூன் 10, திங்கள்

மூன்றாம் வருட வகுப்பறையின் கூரைப்பூச்சு பெயர்ந்து விழுந்ததிலிருந்து எங்கள் நர்சிங் கல்லூரி திடீரென்று நவீனமாகிவிட்டது. விழுந்தது ஞாயிற்றுக்கிழமை என்பதால் யார் மண்டையும் உடையவில்லை. நாற்பத்திரண்டு பெண்களுக்கும் இனி காலையில் ஆஸ்பத்திரி வார்டில் பயிற்சி, அதாவது போஸ்டிங், பிற்பகலில் ஆன்லைன் வகுப்பு. மாதத்துக்கொரு முறை போஸ்டிங் நேரம் மாறும்.

இன்று பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கைப் பற்றி ஒரு மணி நேரம் தொண்டை கிழியப் பேசினேன். திரையில் நாற்பத்திரண்டு கறுப்புக் கட்டங்கள். "புரியுதா?" என்று கேட்டால் நாற்பத்திரண்டு கட்டைவிரல் எழும்புகிறது. யார் வீட்டிலோ குக்கர் ஐந்து விசில் அடித்தது. வகுப்பில் எனக்குக் கிடைத்த உருப்படியான பதில் அது ஒன்றுதான்.

பிரின்சிபால் ஒரு யோசனை வைத்திருக்கிறாராம். விளையாட்டு மூலம் படிப்பு. நர்சிங் படிப்பை இனி தாயக்கட்டை உருட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

ஜூன் 13, வியாழன்

கோயம்புத்தூரிலிருந்து பர்வீன் என்ற பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். கல்லூரிகளுக்குப் பாடங்களைக் கணினி விளையாட்டாகச் செய்து கொடுப்பது அவள் தொழில். திரையில் ஒரு வார்டு இருக்கும், ஒரு நோயாளி இருப்பாள், மாணவிதான் நர்ஸ். அவள் செய்வதற்கேற்ப நோயாளி தேறுவாள், அல்லது மோசமாவாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

"மேடம், நீங்க ஒரு பேஷண்ட மட்டும் குடுங்க. பேரு, வயசு, எத்தன மணிக்கு என்ன ஆகுது. மத்தத நான் பாத்துக்கறேன்."

இருபது நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். செல்லக்கனி, வயது 28, இரண்டாவது பிரசவம், பெண் குழந்தை. ஏழாம் எண் கட்டில், ஜன்னலோரம். மதியம் 1.10க்கு ரத்தப்போக்கு கூடுகிறது. கட்டிலுக்குக் கீழே பச்சை பிளாஸ்டிக் கூடை.

"பச்சைக் கூடையெல்லாம் எதுக்குங்க மேடம்?"

"இருக்கட்டும். வார்டுன்னா கூடை இருக்கும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். படம் வரைகிறவளுக்குக் கூடை வரையக் கஷ்டமா என்ன!

ஜூன் 14, வெள்ளி

மோட்டார் மறுபடியும் இழுக்கவில்லை. மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் இருக்கும் வீட்டில் மோட்டார் ஓடாது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அவர் ஸ்பேனரோடு குந்தியிருந்தபோது விளையாட்டைப் பற்றிச் சொன்னேன். ரசித்துக் கேட்டார்.

"நோயாளிக்கு என்ன பேரு வச்சே?"

சொன்னேன். ஸ்பேனர் நின்றது.

"அந்தப் பேரயா பியூலா?"

"ஏதோ ஒரு பேரு. வாய்ல வந்தத வச்சேன்."

அவர் குனிந்து நட்டைத் திருகினார். மோட்டார் ஓடியது.

ஜூன் 20, வியாழன்

விளையாட்டைப் பார்வையிட்டு ஒப்புதல் கொடுக்கும் கூட்டம். பிரின்சிபால், துணை முதல்வர் என்ற முறையில் நான், பர்வீன், மகப்பேறு வார்டுத் தலைவர் டாக்டர் கனகசபை. நல்ல கைராசிக்காரர், கோபக்காரர். அவர் அறைக் கதவைத் தட்டுவதற்குப் பெரிய நர்ஸுகளே ஒருமுறை எச்சில் விழுங்குவார்கள்.

கர்ப்பப்பையை அழுத்தித் தேய்த்துக் கொடுத்தால் பத்து மதிப்பெண். நாடி, ரத்த அழுத்தம் பார்த்தால் பத்து. சிறுநீர்ப்பையைக் காலி செய்தால் பத்து. ரத்தம் நனைந்த துணியை எடை போட்டால், சலைனை வேகப்படுத்தினால், இப்படியே நூறு வரை. சீக்கிரம் முடித்தால் பெயர் பட்டியலில் மேலே ஏறும். ஓரத்தில் ஒரு போன் படம். அழுத்தினால் டாக்டர் வருவார்.

"இதுக்கும் மார்க் உண்டா?" என்று கேட்டார் டாக்டர்.

"இதுக்கும் பத்துங்க சார்" என்றாள் பர்வீன்.

"குடுத்தா எல்லாம் போனத்தான் அமுக்கும். இப்பவே ஒரு நாளைக்கு இருபது போன். பேஷன்ட் தும்முனா போன், கொட்டாவி விட்டா போன். ஒரு வாய் சோறு நிம்மதியா திங்க விட மாட்டங்காவ. மார்க்கக் கொறைங்கம்மா. அப்பதான் சுயமா யோசிக்கப் பழகுவாங்க."

பர்வீன் என்னைப் பார்த்தாள். பாடப்புத்தகத்தில் முதல் வரியே 'உதவிக்கு ஆள் கூப்பிடு' என்றுதான் இருக்கிறது. எனக்குத் தெரியாததா? இருந்தாலும் டாக்டர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகப் பட்டது. பிள்ளைகள் தைரியமாக நிற்கப் பழக வேண்டாமா? சாயங்காலம் பர்வீனுக்கு மெயில் போட்டேன்: 'டாக்டரை அழைத்தால் ஐந்து மதிப்பெண் குறையட்டும்.'

ஜூலை 2, செவ்வாய்

திறந்து இரண்டு நாள்தான் ஆகிறது. கறுப்புக் கட்டங்களுக்கு உயிர் வந்துவிட்டது! "மேடம், எடை போடுறதுக்கு முந்தி நாடி பாக்கணுமா?" "மேடம், எனக்கு எண்பத்தஞ்சுதான் வருது, எங்க தப்பு?" இருபத்தாறு வருடத்தில் இவ்வளவு கேள்வியை நான் ஒரே நாளில் கேட்டதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பட்டியலில் முதலிடம் இசக்கிச்செல்வி. களக்காட்டுப் பக்கத்துப் பெண். வாய் திறந்து பேசமாட்டாள், ஆனால் எதைக் கொடுத்தாலும் நெட்டுருப் போட்டுவிடுவாள். பத்தொன்பது முறை விளையாடியிருக்கிறாள். நூற்றுக்கு நூறு, நான்கு நிமிடத்தில்.

ஜூலை 9, செவ்வாய்

மாதத்தேர்வில் ரத்தப்போக்குக் கேள்விக்குச் சராசரி பத்துக்கு ஒன்பது. போன வருடம் ஐந்து. பிரின்சிபால் என்னை மற்ற டியூட்டர்கள் முன்னால் பாராட்டினார். கை தட்டினார்கள்.

பிரைசி என்ற பெண்தான் பட்டியலில் கடைசி. எத்தனை முறை விளையாடினாலும் தொண்ணூற்றைந்தைத் தாண்டவில்லை. கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டேன். "தைரியம் பத்தலையேட்டி ஒனக்கு" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

பர்வீன் போனில் கேட்டாள்: "நீங்க ஒரு தடவையாச்சும் விளையாடிப் பாத்தீங்களா மேடம்?"

எனக்கு எங்கே நேரம்?

ஜூலை 16, செவ்வாய்

எலுமிச்சை ஊறுகாய் போட்டேன். உப்பு கூடிவிட்டது.

ஜூலை 23, செவ்வாய்

நடந்ததை எழுதி வைக்கிறேன்.

இந்த மாதம் மூன்றாம் வருடத்துக்கு மதியப் போஸ்டிங். இன்று பன்னிரண்டே முக்காலுக்கு மகப்பேறு வார்டில் கோமதி என்ற பெண்ணுக்கு ரத்தப்போக்கு கூடியிருக்கிறது. இருபத்து நான்கு வயது, தலைப்பிரசவம், காலையில்தான் ஆண் குழந்தை பிறந்தது. வார்டு நர்ஸ் வேறொரு பெண்ணை ஆபரேஷன் தியேட்டருக்குக் கூட்டிப்போயிருந்தார். வார்டில் இருந்தது மாணவி ஒருத்தி மட்டும். டாக்டர் கனகசபை மாடியில் தன் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேசைமேல் போன் இருந்தது.

இருபத்தைந்து நிமிடம் டாக்டருக்குத் தகவல் போகவில்லை.

மாணவி இசக்கிச்செல்வி.

கோமதி இன்னும் தியேட்டரில் இருக்கிறாள். ரத்தம் கேட்டு ஆட்கள் அலைகிறார்கள். கர்த்தரே, அந்தப் பெண்ணைக் காப்பாற்றும்.

ஜூலை 24, புதன்

கோமதி பிழைத்துவிட்டாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அவள் அம்மா வராந்தாவில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வார்டு ஆயா சண்முகத்தாய்தான் நடந்ததைச் சொன்னாள்.

"அந்தப் புள்ள ஒண்ணுவிடாம செய்யுது மேடம். வயித்தத் தேய்க்குது, துணிய எடை போடுது, நோட்டுல எழுதுது. நானுந்தான் பாக்கேன், ரத்தம் நிக்கலியே! தொடப்பத்தக் கீழ போட்டுட்டு மேல ஓடுனேன். கதவத் தட்டுனேன். சோத்துக் கையோட வந்து வைதாரு. வையட்டும்னு கையப் புடிச்சி இழுத்துட்டு வந்தேன்."

இசக்கி விடுதி அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நேற்றிலிருந்து சாப்பிடவில்லையாம். அவள் எழுதிய குறிப்பைப் பார்த்தேன். அடித்தல் திருத்தல் இல்லை. ஐந்து நிமிடத்துக்கொரு முறை நாடி, ரத்த அழுத்தம். பரீட்சைத்தாளாக இருந்தால் நானே நூறு போட்டிருப்பேன்.

"ஏன்டி டாக்டரக் கூப்பிடல?"

சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"போனு பக்கத்துலதான் இருந்துச்சு மேடம். ரெண்டு தடவ கை போச்சு. கூப்பிடக் கூடாதுன்னே தோணுச்சு. அடுத்தது செஞ்சா நின்னுரும், அதுக்கு அடுத்தது செஞ்சா நின்னுரும்னு நெனச்சேன். அதுல நின்னுருமே மேடம்!"

எதில் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 25, வியாழன்

விளையாட்டில் யார், எப்போது, எதை அழுத்தினார்கள் என்பதெல்லாம் பதிவாகுமாம். பர்வீனிடம் கேட்டேன். காலையில் அனுப்பிவிட்டாள்.

முதல்முறை விளையாடியபோது நாற்பத்திரண்டு பேரில் முப்பத்தேழு பேர் டாக்டரை அழைத்திருக்கிறார்கள். மூன்றாவது முறை பதினாறு பேர். பத்தாவது முறை ஒரே ஒருத்தி. பிரைசி. ஒவ்வொரு முறையும் அழைத்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஐந்து இழந்திருக்கிறாள். அவளைத்தான் நான் தைரியமில்லாதவள் என்று திட்டினேன்.

இசக்கி முதல் இரண்டு முறை அழைத்திருக்கிறாள். மீதிப் பதினேழு முறையும் அழைக்கவில்லை. நான் நினைத்ததைவிட நன்றாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறது இந்த விளையாட்டு.

ஜூலை 27, சனி

பிரின்சிபால் கூப்பிட்டுவிட்டார். திங்கட்கிழமை விசாரணை. கோமதி வீட்டார் புகார் கொடுத்திருக்கிறார்கள். 'மாணவியின் அலட்சியம்' என்று தலைப்பு வைத்து அறிக்கை தயாராக இருந்தது. இசக்கியைக் கல்லூரியிலிருந்து நீக்கப் பரிந்துரை. அடியில் பாட ஆசிரியர் என்று என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"விளையாட்டுல மார்க் கொறச்சோமே" என்றேன்.

"அது விளையாட்டு, இது வார்டு. படிக்கிற புள்ளைக்கு வித்தியாசம் தெரிய வேண்டாமா? பியூலா, அந்த மெயில் ஒங்க பேர்ல இருக்கு. டாக்டர் எழுத்துல ஒண்ணும் குடுக்கல. ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கு ஒங்களுக்கு. யோசிச்சுக்கோங்க."

மிரட்டலா, அக்கறையா? இரண்டும்தான் போலிருக்கிறது. திங்கட்கிழமை கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்ல?

ஜூலை 28, ஞாயிறு

ஆராதனையில் பாட்டு வரவில்லை. வாயை மட்டும் அசைத்தேன்.

வீட்டுக்கு வந்து அறிக்கையைப் பற்றி அவரிடம் சொன்னேன். நான் வாதம் பேசப் பேச அவர் மீனை அலசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பெரியவள், புத்தகம் படித்தவள், புத்தகத்தில் முதல் வரியே அதுதானே என்றேன்.

"நீயும் புத்தகம் படிச்சவதானே பியூலா. ஒனக்கு அன்னைக்கு இருபத்து மூணு வயசு. ஒனக்கு யாரு மார்க்கக் கொறச்சா?"

எனக்கு வந்த கோபத்தில் மீன் சட்டியைப் பிடுங்கிக்கொண்டேன். சமையல் முடிந்தது, சாப்பாடு முடிந்தது, பாத்திரம் தேய்த்தாயிற்று. இனி எழுதாமலிருக்க வேறு சாக்கு இல்லை.

1997 மார்ச். ஒரு சின்ன ஆஸ்பத்திரி. வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். அதற்கு முந்தைய வாரம்தான், சாதாரணக் காய்ச்சலுக்குப் போன் செய்தேன் என்று அங்கிருந்த பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் "இதுக்கா கூப்பிட்டே?" என்று கேட்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

செல்லக்கனிக்கு ரத்தம் கூடியதை மதியம் 1.10க்குப் பார்த்தேன். நானே சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். தேய்த்தேன், துணி மாற்றினேன். அவள் "சிஸ்டர், குளிருதே" என்றாள். போர்வையைப் போர்த்தினேன். போனை எடுத்தபோது மணி 1.50. அன்று மாலை அவள் இறந்துபோனாள்.

இதுவரை என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவருக்கும் தெரியாதது ஒன்று உண்டு. குறிப்பேட்டில் நான் '1.15க்கு டாக்டர் அழைக்கப்பட்டார்' என்று எழுதினேன். விசாரணையில் அதைத்தான் பார்த்தார்கள். என்மேல் தப்பில்லை என்று முடிந்தது. டாக்டர் தாமதமாக வந்தார் என்று அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். செல்லக்கனியின் புருஷன் பச்சைக் கூடையை எடுத்துப்போக வந்தவர், நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள் என்று எனக்கு நன்றி சொன்னார்.

அடுத்த வருடமே வார்டை விட்டுவிட்டுப் பாடம் நடத்த வந்துவிட்டேன். பாடம் நடத்துவதில் எனக்கு ஆர்வம் என்று எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

இசக்கி ஒரு நிமிடத்தைக்கூட மாற்றி எழுதவில்லை. '12.45 முதல் 1.10 வரை அழைக்கவில்லை' என்று அவள் கையாலேயே எழுதி வைத்திருக்கிறாள். அந்தப் பெண்ணை நீக்கச் சொல்லி நான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஜூலை 29, திங்கள்

போடவில்லை.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். என் பக்கத்தில் பிரின்சிபால், ஓரமாக டாக்டர் கனகசபை. கதவருகே முக்காலியில் இசக்கி. பர்வீன் அனுப்பிய பதிவையும் என் மெயிலையும் அச்செடுத்து மேசைமேல் வைத்தேன். "இந்தப் புள்ள எதையும் மீறல. நான் சொல்லிக்குடுத்ததத்தான் செஞ்சிருக்கு" என்றேன். பிரின்சிபால் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். நிஜமாகவே மிதித்தார்.

குழுத் தலைவர் கேட்டார்: "புத்தகத்துக்கு விரோதமா இப்படி ஒரு விதி வைக்க ஒங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

டாக்டர் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். உண்மைதானே. ஆனால் வாயிலிருந்து வந்தது செல்லக்கனி. ஒன்று பத்திலிருந்து ஆரம்பித்து, மாற்றி எழுதிய நேரம் வரைக்கும் சொன்னேன். கூப்பிடாமல் இருப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், இல்லாவிட்டால் என்னால் தூங்கியிருக்க முடியாது என்றும் சொன்னேன். எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். இசக்கி மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது டாக்டர் கனகசபை எழுந்தார்.

"மார்க்கக் கொறைக்கச் சொன்னது நான். எழுதிக்கோங்க" என்றார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

முடிவு வந்துவிட்டது. இசக்கிக்கு நீக்கம் இல்லை. மூன்று மாதப் போஸ்டிங்கைத் திரும்பச் செய்ய வேண்டும். டாக்டருக்கு எழுத்துமூலக் கண்டிப்பு. என் துணை முதல்வர் பொறுப்பு போயிற்று. 1997 விவகாரத்தை மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள், என்ன வருமோ தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. வீட்டில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நேரத்தை மாற்றி எழுதியதைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார். பிறகு இரண்டு பேருக்கும் காபி போட்டார்.

விளையாட்டை மூடிவிடலாம் என்றார் பிரின்சிபால். நானும் பர்வீனும் வேண்டாம் என்றோம். வார்டில் உயிர் போகும். இங்கேதான் உயிர் போகாமல் தப்புச் செய்து பழக முடியும். அது விதி வைத்தவளின் தப்பு, விளையாட்டின் தப்பு அல்ல.

ஆகஸ்ட் 8, வியாழன்

புது விதிகள். போனை அழுத்தாமல் எதைச் செய்தாலும் நோயாளி தேறமாட்டாள். பெயர்ப்பட்டியல் கிடையாது, வேகத்துக்குப் பரிசு கிடையாது.

பிரைசியையும் இசக்கியையும் கூப்பிட்டு யோசனை கேட்டேன். பிரைசியிடம் மன்னிப்பும் கேட்டேன். அவளுக்குக் கூச்சத்தில் காது சிவந்துவிட்டது. இசக்கிதான் மெல்லச் சொன்னாள்:

"மேடம், அதுல டாக்டரு சிரிச்ச மொகமா உடனே வந்துருதாரு. நெசத்துல அப்படி இல்லல்லா. வைவாங்க. வைதாலும் திரும்பக் கூப்பிடணும். அதப் பழக்குங்க."

ஆகஸ்ட் 13, செவ்வாய்

டாக்டர் கனகசபை அறைக் கதவைத் தட்டினேன். ஒருமுறை எச்சில் விழுங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பர்வீன் தந்த ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்து, "டாக்டர், நீங்க வையணும்" என்றேன்.

புரியாமல் பார்த்தார். விளக்கினேன். முகம் கறுத்தது. திட்டி வெளியே அனுப்பப்போகிறார் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வழக்கமா என்ன சொல்லுவேன்?"

சொன்னேன். அவர் கருவியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். முதல்முறை சத்தமே எழும்பவில்லை. நான்காவது முறைதான் சரியாக வந்தது.

ஆகஸ்ட் 19, திங்கள்

புது விளையாட்டு நாளை மாணவிகளுக்குத் திறக்கிறது. முதலில் நீங்கள்தான் விளையாட வேண்டும் என்று பர்வீன் ஒற்றைக்காலில் நின்றாள். மதியம், டியூட்டர் அறையில் யாரும் இல்லாதபோது உட்கார்ந்தேன்.

வார்டு. ஜன்னல். ஏழாம் எண் கட்டில். அந்தக் கூடையைப் பர்வீன் நான் சொன்ன பச்சையிலேயே வரைந்திருக்கிறாள். திரையின் மூலையில் 1.10. திரையில் செல்லக்கனியின் முகம் நிஜமான அவள் முகம் மாதிரி இல்லை, நல்ல வேளை. "சிஸ்டர், குளிருதே" என்றாள். அந்த வரியை நான் எழுதிக் கொடுத்திருந்தேன் என்பதே மறந்துபோயிருந்தது.

ஒரு கையால் வயிற்றைத் தேய்த்தபடி மறுகையால் போனை அழுத்தினேன். மணி அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். டாக்டர் கனகசபையின் குரல் காதுக்குள் வெடித்தது.

"சாப்பிடவும் விட மாட்டியா? இதுக்கா கூப்பிட்டே?"

பட்டென்று இணைப்பு அறுந்தது. நானே எழுதி, நானே பதிவு செய்து வந்த குரல். இருந்தும் என் விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது. ஐம்பது வயதில், வெறும் படத்தின் முன்னால். திரையில் அவள் கண்கள் சொருக ஆரம்பித்தன.

மூன்றாவது முறை அழுத்தினேன். "டாக்டர், வாங்க. இப்பவே வாங்க" என்று சத்தமாகவே சொன்னேன். வராந்தாவில் போன யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

அவர் வந்தார். செல்லக்கனி பிழைத்துக்கொண்டாள். குழந்தையைக் கேட்டாள்.

டாக்டர் அழைக்கப்பட்டது 1.13. இந்தமுறை நேரத்தை உள்ளபடியே எழுதியிருக்கிறேன்.